ஏழாவது கேள்வி

அரசாங்கமே வலிய வந்து, உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினால் அதில் கண்டிப்பாக ஏதோ உள்குத்து இருக்கிறது என்பது பேக்கரி நடத்தும் பன்னக்காவின் கட்சி.

உணவுப் பாதுகாப்புத் துறை அடுத்த ஐந்து வருஷத்தில் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று பொதுமக்களைக் கேட்கிறதாம். பேக்கரி, ஓட்டல் என்று எல்லாக் கடைக்கும் ஒரு கட்டு படிவமும் ஓர் அட்டைப் பெட்டியும் வந்து இறங்கின. கடைக்கு வருகிறவர்கள் எழுதிப் போட வேண்டும். வாரக் கடைசியில் துறையின் ஆள் வந்து எடுத்துப்போவார். பேர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் கடைசி வரிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. பேர் இல்லாமல் எழுதலாம் என்றால் யாரும் யார் பிழைப்பிலும் மண்ணை அள்ளிப் போடலாமே! பெட்டியை ரொட்டி வெட்டும் மெஷினுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்தாள்.

அவள் பயத்தையும் தப்பென்று சொல்ல முடியாது. அடுத்த மாதம் கடையின் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மூன்றே வருஷத்தில் திரும்பி வந்தவள் அவள். இந்த அடுப்பை நம்பித்தான் தம்பியைப் படிக்க வைத்தாள், கல்யாணம் பண்ணி வைத்தாள். இருபத்திரண்டு வருஷம். அதை ஒரு துண்டுக் காகிதம் மூடிவிட்டால் அவள் எங்கே போவாள்?

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனதும் கருத்துச் சொல்ல இல்லை. யார் யார் வருகிறார்கள், யார் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளத்தான். கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தாள். மேடையில் இருந்த அதிகாரி சின்ன வயசுப் பெண். பெட்டிகளில் வந்த காகிதங்களில் சிலவற்றை அவர் வாசித்தார். காலாவதித் தேதியை எறும்புக்குக்கூடத் தெரியாத அளவில் அச்சடிக்கிறார்கள் என்று ஒருவர். பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்கள் என்று ஒருவர். எதிர்க்கடைக்காரர் பலமாகத் தலையாட்டினார். இவர் ஆட்டுகிற ஆட்டத்தைப் பாரேன் என்று பன்னக்கா மனசுக்குள் கரித்துக்கொட்டினாள்.

ஐந்தாவது காகிதம் இப்படித் தொடங்கியது: "எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரியில், மேலே பளபளப்பு வர அடித்த முட்டையைத் தடவுகிற பிரஷ் ஒன்றே ஒன்றுதான். பிடி உடைந்து நீல நூல் சுற்றிய பிரஷ். முதலில் வேர்க்கடலை பிஸ்கட், அப்புறம் அதே கிண்ணத்தில் முக்கி வெறும் பன்."

அந்த நூலைச் சுற்றியது அவள். கடலை பிஸ்கட் வேக நேரம் பிடிக்கும், அதனால் அது முதலில் அடுப்புக்குள் போக வேண்டும் என்று முறை வகுத்ததும் அவள்தான். அதற்குப் பிறகு அதிகாரி வாசித்த எதுவும் அவள் காதில் ஏறவில்லை. சபையே உச்சுக்கொட்டியது மட்டும் கேட்டது. எவனோ கடைக்குள் இருந்தே காட்டிக்கொடுத்திருக்கிறான். யார்?

வழியெல்லாம் விரல் விட்டு எண்ணினாள். அடுப்படிப் பக்கம் வருகிறவர்கள் மூன்றே பேர். மாவு மூட்டை இறக்குகிறவர் வாசலோடு திரும்பிவிடுவார். அடுப்பு ரிப்பேர்காரர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. மிச்சம் மாஸ்டர். பதினோரு வருஷமாக மாவு பிசைந்து அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். போன மாதம் நாலு நாள் லீவு கேட்டு அவள் இல்லையென்றபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. தம்பி மனைவியும் சனிக்கிழமைகளில் வந்து பாக்கெட் போட்டு, லேபிள் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தவள்தான். இடுப்புவலி என்று இரண்டு மாதமாக வருவதில்லை. அவளை எண்ணவேயில்லை. அவள் நம்ம வீட்டுப் பெண்.

மாஸ்டரிடம் நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்தாள். படிவம் ஏதாவது எடுத்தீர்களா, அந்த ஆபீசில் யாராவது பழக்கமா என்று போட்டு வாங்கப் பார்த்தாள். மூன்றாம் நாள் பொறுமை போய், கூட்டத்தில் வாசித்ததைச் சொல்லியே கேட்டுவிட்டாள். அவர் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"கூட்டத்துக்குப் போன ஆளுங்க அதைப் பத்திப் பேசிக்கிட்டாங்க. ஏதோ குழந்தைக்கு உடம்புக்கு முடியாமப் போச்சாமே. எந்தக் குழந்தை அக்கா அது?"

பேச்சை மாற்றுகிறான் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தின்ற வீட்டுக்கே ரெண்டகம் செய்கிறீர்களா என்று கேட்டாள். அவர் மாவைத் தட்டில் வழித்துப் போட்டார், கையைக் கழுவினார், ஏப்ரனை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தார். அன்றைக்குக் கடையில் பன் இல்லை.

காகிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்று நேராகத் துறை ஆபீசுக்கே போனாள். வந்த படிவங்களை எழுதியவர் பேரை மறைத்து நகலெடுத்து வைத்திருந்தார்கள், யார் கேட்டாலும் காட்டுகிறார்கள். கூட்டத்தில் வாசித்த அதே பெண் அதிகாரி ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "உங்க கடையிலயும் பெட்டி வெச்சீங்களாம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். வேவு பார்க்கிறாள் என்று நினைத்து பன்னக்கா பக்கத்தைத் திருப்பினாள்.

அந்தக் காகிதம் கிடைத்தது. மாஸ்டர் எழுத்து இல்லை. இரண்டு மாதம் முன்புவரை அவள் கடையின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒட்டியிருந்த அதே உருண்டை எழுத்து.

இப்போது முழுசாகப் படித்தாள். நாலு வயசுக் குழந்தை. கடலை ஒத்துக்கொள்ளாது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. வெறும் பன் சாப்பிட்டு முகம் வீங்கி, தொண்டை அடைத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. கடலையின் தூள் பட்டாலே போதும், அடுத்த முறை உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னாராம். அடியில், கூட்டத்தில் வாசிக்காமல் விட்ட ஏழாவது கேள்வி: இதைக் கடைக்காரரிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் ஏன்?

"சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. என் குழந்தை மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் சொன்னால், யார் கண்டது, யார் தூண்டிவிட்டது என்றுதான் முதலில் கேட்பார். குழந்தைக்கு என்ன ஆச்சு என்று கேட்க அவருக்கு நாளாகும். அதை என்னால் தாங்க முடியாது. எல்லாக் கடைக்கும் சேர்த்து நீங்களே சொல்லிவிட்டால் அவரும் கேட்டுக்கொள்வார். என் குழந்தையும் மறுபடி அந்தக் கடைக்குப் போகலாம்."

தம்பி குழந்தையை ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றுதான் இரண்டு மாதம் முன்னால் அவளிடம் சொன்னார்கள். ஓட்டமாக ஓடினாள் ஆஸ்பத்திரிக்கு. வெறுங்கையோடு போகலாமா? சூடாக ஆறு பன் எடுத்துக்கொண்டுதான் போனாள். குட்டி ஆசையாகக் கையை நீட்ட, தம்பி மனைவி பையை வெடுக்கென்று பிடுங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். எவ்வளவு திமிர் என்று அன்றைக்கு இரவு முழுக்கப் பொருமியவள் பன்னக்கா. அந்தப் பைக்குள் இருந்ததும் அதே பிரஷ் பட்ட பன்தான். அதிகாரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடிக்கக்கூடத் தோன்றவில்லை.

மூன்று நாள். யார், யார், யார் என்று ஊரையே சல்லடை போட்டுச் சலித்தாள். எந்தக் குழந்தை என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டாளா? கேட்டவர் மாஸ்டர் ஒருவர்தான். அவரைத்தான் அவள் விரட்டினாள்.

ஆபீசிலிருந்து நேரே தம்பி வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்த தம்பி மனைவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் அவள் கையைத்தான் பார்த்தாள். இடது கை, அப்புறம் வலது கை. பை ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், "வாங்க அண்ணி" என்றாள்.

உள்ளேயிருந்து குட்டி, "அத்தை!" என்று ஓடி வந்தது. தூக்கப் போன பன்னக்கா பாதியில் நின்றாள். காலையில் வேர்க்கடலைத் தூளில் அளைந்த கை. புடவையிலும் இருக்கும். இரண்டடி பின்னால் நகர்ந்து வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டாள்.

"கையக் கழுவ எங்கம்மா தண்ணி இருக்கு?" என்றாள்.