ஒன்பது மணி உருப்படி

பொய் சொன்னவர் அத்தான். அதை வாசித்துக் காட்ட வேண்டியவன் தம்பி.

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடக் கூடாது. முப்பத்தெட்டு வயது. ஒற்றை நாற்காலி போட்டுச் சொந்தமாகச் சலூன் வைத்திருக்கிறான். ஊரார் தலையெல்லாம் அவன் கையில். அவன் தலையில் மட்டும் முடி பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. அக்காவும் அத்தானும் குடியிருக்கிற மூன்றாவது மாடி வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதால் கட்டடம் முழுக்க அவனுக்குப் பெயர் தம்பிதான்.

அந்த வீட்டில் நாலாவதாக ஓர் ஆளும் உண்டு. சீமாட்டி. பழுப்பு நிறக் கோழி.

அத்தான் பார்சல் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு லாரியின் கதவைத் திறந்தபோது, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தது. யாரும் வந்து கேட்கவில்லை. சாப்பாட்டுப் பையில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அக்கா வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறவள். ஆண்கள் இருவரும் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரைக்கும் அவளுக்குத் தையல் மெஷின்தான் துணை. கோழி வந்த பிறகு பேச்சுக்குப் பதில் கிடைக்க ஆரம்பித்தது. "இந்த பார்டர் எடுக்குமா, என்ன சொல்றே?" என்பாள். சீமாட்டி "க்கொக்" என்பாள். எடுக்கும் என்றாளா எடுக்காது என்றாளா என்பது அக்காவுக்குத்தான் வெளிச்சம். ஆனால் அக்கா சிரிப்பது கூடியிருந்தது. அதை ஆண்கள் இருவருமே கவனித்திருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு மாட்டியிருந்தது. பிராணி வளர்க்கக் கூடாது. வளர்த்தால் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கீழ் வீட்டுக்காரர் காதில் கொக்கொக் விழுந்தது. புகார் போனது. சனிக்கிழமை சாயங்காலம் கட்டடத்து மேனேஜர் அம்மா, இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, அத்தானை லிஃப்டுக்குள் மடக்கினார்.

"உங்க வீட்டுல கோழி இருக்கா?"

அத்தானுக்கு மூளை யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "கோழியா? ஐயோ மேடம், அது என் மச்சான். கிடார் வாசிக்கிறான்."

"கோழி கத்துறாப்பல இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே."

"அது ஒரு தினுசு மேடம். அமெரிக்க கன்ட்ரி மியூசிக்ல லீட் கிடார். அதுல அப்படித்தான் கொத்துவாங்க."

அது மட்டும் பொய் இல்லை. தம்பி போனில் பார்க்கிற வீடியோவில் தொப்பி போட்ட ஒருவர் அப்படித்தான் வாசிப்பார். அத்தானின் கெட்ட நேரம், மேனேஜர் அம்மாவின் முகம் பல்பு போட்ட மாதிரி மலர்ந்துவிட்டது.

"சிக்கன் பிக்கிங்! என் முன்னாள் கணவர் பதினோரு வருஷம் வேற வேலை பாக்காம அதத்தான் வாசிச்சார். கேட்டு எவ்வளவு நாளாச்சு! அடுத்த சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வரேன். உங்க மச்சானை வாசிக்கச் சொல்லுங்க. காதால கேட்டுட்டா, கோழி இல்லேன்னு நானே எழுதி ஃபைலை மூடிடறேன்."

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வந்தபோது அத்தான் தரைத்தளத்துக்கு இறங்கியிருந்தார். முகம் அப்படி.

விஷயத்தைக் கேட்ட அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களக் கேள்விப்பட்டிருக்கேன். முழுக் கோழிய கிடாருக்குள்ள மறைக்கிறவர இப்பத்தான் பாக்கறேன்."

"வேற என்னடி சொல்றது? ஆமாங்க, கோழிதான், பேரு சீமாட்டின்னு சொல்லவா?"

"ஏன் அத்தான், எனக்கு லீட் வாசிக்கத் தெரியாதே!" என்றான் தம்பி.

"ஒரு வருஷமா வச்சுத் தட்டிக்கிட்டுதானே இருக்கே?"

தட்டிக்கொண்டுதான் இருந்தான். போன வருஷம் முடிவெட்ட வந்த ஒரு லாரி டிரைவர் தன் போனில் ஒரு கிடாரை ஓடவிட்டார். அது பாடவில்லை, பேசியது. குழாயடியில் இரண்டு பேர் சண்டை போடுகிற மாதிரி விறுவிறுவென்று, நையாண்டியாக, மூச்சுவிடாமல் பேசியது. தம்பி அந்த ஆளுக்குக் கிருதாவை ஒரு விரற்கடை மேலே ஏற்றிவிட்டான். அடுத்த வாரமே பழைய எலெக்ட்ரிக் கிடாரும் கையகல ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கிவிட்டான். வாங்கி ஒரு வருஷத்தில் வந்தது மூன்று கார்ட், மூன்றே விரல்பிடிப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பஸ் மாறிப் போகிற மாதிரி. இறங்கி, நின்று, விசாரித்து, ஏற வேண்டும்.

"சட்டியில இருந்தாத்தானே அத்தான் அகப்பையில வரும்?"

"சட்டியில ஒரு வாரம் இருக்கே மச்சான்."

அக்கா மடியில் ஏறி உட்கார்ந்த சீமாட்டியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்யாமல் தப்ப இன்னொரு வழியும் இருந்தது. கோழியை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பி கிடாரை எடுத்தான்.

வித்தை கேட்பதற்குச் சுலபம். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிக் என்கிற மீட்டு வில்லையைப் பிடித்துக்கொள்ள, நடுவிரலும் மோதிர விரலும் கம்பியை மேலே இழுத்துப் பட்டென்று விட வேண்டும். இடது கை கம்பியை அழுத்தியும் அழுத்தாமலும் இருந்தால் சத்தம் தொண்டையில் மாட்டிக்கொண்டு 'க்கொக்' என்று வரும். தொப்பிக்காரர் வாசித்தால் பத்துக் கோழி பேசும். ஞாயிற்றுக்கிழமை தம்பி வாசித்தபோது ஈரச் செருப்பு நடந்தது.

"கோழி இல்ல மச்சான் இது," என்றார் அத்தான்.

திங்கட்கிழமை: "வாத்து."

செவ்வாய்க்கிழமை: "வாத்துகூட இல்ல. கதவுக் கீல். எண்ணெய் போட்டாச் சரியாயிடும்."

"பேசாம நீங்க வாசிங்க!"

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

"மேடையே நீங்க போட்டதுதான் அத்தான்!"

அக்காதான் யோசனை சொன்னாள். "தொப்பிக்காரன எதுக்குப் பாக்கறே? அசலே வீட்டுல இருக்கு." சீமாட்டியை எதிரில் உட்காரவைத்தார்கள். தம்பி வாசித்தான். சீமாட்டி ஒரு கண்ணால் பார்த்தாள். தலையைத் திருப்பி இன்னொரு கண்ணாலும் பார்த்தாள். பிறகு எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டாள். ஒரு மனிதன் இரண்டு கண்ணாலும் தனித்தனியாக நிராகரிக்கப்படுவது லேசுப்பட்ட அவமானம் இல்லை.

புதன்கிழமை விரல் நுனியெல்லாம் கொப்புளம். தலைக்கு ஷாம்பு போட்டுவிடும்போது கத்தியது வாடிக்கையாளர் இல்லை, தம்பி.

வியாழக்கிழமை நாற்காலியில் ஸ்கூல் வேன் டிரைவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு. நீங்க ஒரு தடவ முடிய வெட்டுறீங்க, மூணு தடவ காத்த வெட்டுறீங்க. காத்து என்ன பாவம் பண்ணிச்சு?"

"அது சும்மா அண்ணே. கை ஓடிக்கிட்டே இருந்தாத்தான் அடுத்த வெட்டு சரியான நேரத்துல விழும். நிறுத்தி நிறுத்தி வெட்டினா..."

தம்பி நின்றுவிட்டான். தன் கையைப் பார்த்தான். கத்தரியின் வளையத்துக்குள் மோதிர விரல். சிக், சிக், சிக், வெட்டு. சிக், சிக், வெட்டு. பதினேழு வருஷமாக ஓடுகிற கை.

அவன் இத்தனை நாள் ஒவ்வொரு கம்பியிலும் முடி வெட்டிக்கொண்டிருந்தான். காற்றையே வெட்டவில்லை! எல்லாம் சத்தமாக வர வேண்டும் என்று இடது கையைப் போட்டு நெரித்துக்கொண்டிருந்தான். மூன்று வெறும் தட்டு, ஒரு நிஜம். அவ்வளவுதான் கோழி.

"அண்ணே, அஞ்சு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரமானது. வேன் டிரைவர் ஸ்கூல் விடுகிற நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாம் பாதி வெட்டிய தலையைப் பார்க்க அவருடைய இடது காது பக்கம்தான் உட்கார்ந்து வந்தார்களாம். வலது காது இன்னும் முடிக்குள் இருந்ததால், அந்தப் பக்கம் வேடிக்கை போதவில்லையாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடார் 'க்கொக்-க்கொக்' என்றது. சமையலறையிலிருந்து அக்கா, "வரேன்டி, வரேன்," என்றாள். அத்தான் தம்பியைக் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை நாலரை மணிக்குச் சீமாட்டியைச் சலூனுக்குக் கடத்துவதாக ஏற்பாடு. நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"வேலை சீக்கிரம் முடிஞ்சுது. ஆசை தாங்கல, வந்துட்டேன்!" என்று வெளியே மேனேஜர் அம்மாவின் குரல்.

அத்தான் கோழியைத் தூக்கிக்கொண்டு முதலில் அலமாரிக்கு ஓடினார், பிறகு பால்கனிக்கு ஓடினார், கடைசியில் பாத்ரூமுக்குள் வைத்து அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்து மூடினார். வெளியே வந்தபோது தலையில் ஒரு இறகு. அக்கா அதைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

மேனேஜர் அம்மா சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தம்பி வாசித்தான். சிக், சிக், சிக், க்கொக். கை தானாக ஓடியது. அந்த அம்மாவின் கால் தாளம் போட்டது. சாவிக்கொத்தும் கூடவே ஆடியது.

"நல்லா இருக்கு. இப்ப அத வாசிங்க."

"எத மேடம்?"

"காலையில ஒம்பது மணிக்கு வாசிப்பீங்களே! மெதுவா ஆரம்பிச்சு, நெருக்கி நெருக்கி, கடைசியில உச்சத்துக்குப் போய் ஒரு கத்து கத்துமே. இந்த வாரம் பூரா கீழ ஆபீஸ்ல காப்பி குடிச்சுக்கிட்டே கேட்டேன். புகார்லயும் அதத்தான் முக்கியமா எழுதியிருக்கு."

தம்பி கம்பியை விட்டுக் கையை எடுத்தான். அது சீமாட்டி முட்டை போட்டு முடித்ததும் ஊரைக் கூட்டுகிற உருப்படி. அவன் எட்டு மணிக்கே கடைக்குப் போய்விடுகிறவன். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அத்தானைப் பார்த்தான். அத்தானும் கேட்டதில்லை, அவர் ஏழு மணிக்கே கிளம்புகிறவர். தினமும் அதைக் கேட்கிற ஒரே ஆள், மேனேஜர் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அக்கா.

அக்கா கண்ணைக் காட்டினாள். பிறகு, நாற்பத்து மூன்று வயதில், சத்தமே இல்லாமல், கோழியாக மாறினாள். முழங்கையை மடக்கிக்கொண்டாள். கழுத்தை மெல்ல முன்னும் பின்னும் வெட்டினாள். தம்பி அதைப் பார்த்தே வாசித்தான். க்கொக்... க்கொக். கழுத்து வேகமெடுத்தது. கிடாரும் வேகமெடுத்தது. அக்கா அரை மண்டி போட்டாள். க்கொக்-க்கொக்-க்கொக். கன்னத்தை உப்பினாள். அத்தான் சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்தார். அக்கா இரண்டு கையையும் படபடவென்று விரித்து, வாயைப் பிளந்து, முகத்தை ஒரேயடியாகக் கூரைக்குத் தூக்கினாள். தம்பி மூன்று விரலையும் சேர்த்து, மூன்றாவது கம்பியை மேலே, இன்னும் மேலே, கொப்புளம் உடையத் தள்ளினான்.

க்கொகாஆஆக்!

அறை அமைதியானது.

பாத்ரூமிலிருந்து, தெள்ளத்தெளிவாக, "க்கொகாஆஆக்!"

அக்கா கையை விரித்தபடியே நின்றாள். மேனேஜர் அம்மா ஒரு கண்ணைத் திறந்தார்.

"எக்கோ போட்டிருக்கீங்களா?"

"ஆமா மேடம், எக்கோ," என்றார் அத்தான். "பாத்ரூம்ல."

"என் முன்னாள் கணவர் அதுக்குன்னு ஒரு பெட்டி வச்சிருந்தார்."

"நாங்க கூடை வச்சிருக்கோம்."

தம்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். வீடு போயிற்று, அக்காவின் துணை போயிற்று என்று நினைத்தான். சாவிக்கொத்து குலுங்கியது. அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"பெட்டியவிட நல்லா இருக்கு," என்றார். "அவர் பதினோரு வருஷம் வாசிச்சார், ஒரு நாள்கூட உயிர் இருந்ததில்ல. இதுல இருக்கு." கைக்குட்டையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டு, பையிலிருந்து காகிதத்தை எடுத்து நின்றபடியே எழுதினார். கோழி எதுவும் இல்லை. கிடாருக்குச் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை அனுமதி. காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு உருப்படி. "அத மட்டும் விட்டுடாதீங்க. கீழ் வீட்டுக்காரர நான் பாத்துக்கறேன்."

கதவு சாத்தியதும் அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா பாத்ரூமுக்கு ஓடிக் கூடையைத் தூக்கி, சீமாட்டியை வாரி எடுத்து, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து தம்பி மேனேஜர் அம்மாவின் கண்ணில் படாமல் பின்பக்கப் படிக்கட்டு வழியாகக் கடைக்குப் போனான். ஒன்பது மணி உருப்படியைச் சீமாட்டி தவறாமல் நடத்திவந்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் வீடு திரும்பியபோது கதவுக்கடியில் ஒரு சீட்டு கிடந்தது. மேனேஜர் அம்மாவின் கையெழுத்து. 'சனிக்கிழமை என் எதிரில் பதறிவிட்டீர்கள் போலிருக்கிறது. அந்த வாசிப்பு, இப்போது நினைத்தால், சுமார்தான். இந்த வாரம் காலையில் வாசித்ததுதான் வாசிப்பு.'

தம்பி அதை மூன்று தடவை படித்தான்.

"நல்லதாத்தானே எழுதியிருக்காங்க, எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றாள் அக்கா.

"சுமார்னு எழுதியிருக்காங்க அக்கா."

"உன்னத்தானே பாராட்டியிருக்காங்க."

"என்னையா?"

மணி ஐந்து. அவன் கிடாரை மாட்டிக்கொண்டு, பால்கனியில் சீமாட்டிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பின்னால் அத்தான் சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க, இன்னொரு தடவ வாசி," என்றான் கோழியிடம். "மெதுவா."