மேசை மேல் ஷாக்

டாரெல் வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்தது. சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாம் அதன் மேல் நடந்தது. பாறை ஏறும் ரிமோட் பொம்மைக் கார்களின் அதிர்ச்சி தாங்கும் ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி, விரல் நீளக் குழாய்களில் எண்ணெய் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி மேலே வருவதற்காக வரிசையாக நிறுத்தி வைப்பான். அதுவரை வீட்டில் யாரும் அழுத்தி நடக்கக் கூடாது, ஃபிரிட்ஜ் கதவை அடித்துச் சாத்தக் கூடாது, தும்மல் வந்தால் வாசலுக்கு ஓட வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில்கூட இத்தனை கெடுபிடி இருக்காது. அவன் மனைவி மார்வா தட்டை மடியில் வைத்தே சாப்பிட்டுப் பழகிவிட்டாள்.

இத்தனைக்கும் அந்தக் கார்களின் வேகத்தைப் பார்த்தால் ஆமைக்கே கொட்டாவி வரும். யூட்டாவின் சிவப்புப் பாறைகளில் வளர்ந்த ஆண்கள் கையில் ரிமோட்டோடு பின்னாலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மார்வாவும் போவாள். கெட்ட பழக்கம் கணவனிடமிருந்து தொற்றியதுதான்.

இந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அவளுடைய அம்மா ஐடஹோவிலிருந்து வருகிறாள். அம்மாவின் மடியில் வான்கோழித் தட்டை வைக்க மார்வாவுக்கு மனம் வரவில்லை. அதனால் பந்தயம் கட்டினாள். சனிக்கிழமை கிளப் போட்டியில் அவள் கார் முந்தினால் மேசை அவளுக்கு. அவரவர் ஷாக்கை அவரவரே நிரப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டது டாரெல். சிரித்துக்கொண்டே போட்டான், நிரப்பத் தெரிந்தவன் ஊரிலேயே தான் ஒருவன்தான் என்ற நினைப்பு.

மார்வா நிரப்பினாள். குமிழி ஏறும்வரை காத்திருக்கவில்லை. ஷாக்கின் தண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மிச்ச எண்ணெய் வழிந்த பிறகு மூடியைத் திருகு என்று அவன் ஆயிரம் தடவை ஓதியதையும் செய்யவில்லை. சட்டென்று மூடினாள். காரை அழுத்தினால் சேற்றில் செருப்பு போவதுபோல ‘பிசுக், பிசுக்’ என்றது. அதை அவன் காதருகே வைத்து அழுத்தினாள். டாரெலின் கன்னம் துடித்தது.

"காத்து இருக்குடி அதுல."

"இருந்துட்டுப் போகட்டும். என் காரு, என் காத்து."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை மேசைமேல் விட்டுவிட்டு, விருந்துக்கு ஆப்பிள் பை பலகாரம் சுட்டுப் பழக வேண்டும் என்று தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். கட்டிக்கொண்டவனைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? சொட்டுகிற குழாயைக்கூட விட்டுவைப்பான், பிசுக்கென்கிற ஷாக்கை விடமாட்டான்.

திரும்பி வந்து அழுத்திப் பார்த்தாள். சத்தமே இல்லை, வெண்ணெயாக இறங்கி ஏறியது. டாரெல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான், பூனை பால் குடித்த முகத்தோடு. அவள் போட்ட கணக்கு பலித்துவிட்டது. ஆனால் குப்பைக்கூடையில் மெல்லிய எண்ணெயின் காலி பாட்டில் கிடந்தது. போட்டிக்கு முன்னால் அவன் தன் ஷாக்குக்குப் புது எண்ணெய் மாற்றுவது வழக்கம். இருந்ததை அவளுக்கு ஊற்றிவிட்டு, கடையும் பூட்டிய நேரத்தில், தனக்குக் கெட்டி எண்ணெயை ஊற்றியிருக்கிறான். மார்வாவுக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றேதான் அப்படி விட்டுப்போனேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மாவையும் மேசையையும் நினைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலைக் குளிரில் கெட்டி எண்ணெய் தேனாக இறுகிவிட்டது. பாறை விளிம்பைத் தாண்டியதும் டாரெலின் கார்ச்சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். அது அந்தரத்திலேயே யோசித்துக்கொண்டிருந்தது. யோசித்து முடிப்பதற்குள் கார் குப்புற விழுந்தது. மார்வாவின் கார் அதே விளிம்பில் மாமியார் வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி அடி பார்த்து வைத்து இறங்கியது.

நடுவர் டெல்மார் அவள் காரை அழுத்திப் பார்த்து அசந்துபோனார். இவ்வளவு சுத்தமாக யார் நிரப்பியது என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். டாரெல் வாயைத் திறந்தான். ‘நான்’ என்றால் பாராட்டு கிடைக்கும், தான் போட்ட நிபந்தனையைத் தானே மீறியது அம்பலமாகிப் பந்தயம் போகும். பேசாமலிருந்தாலும் பந்தயம் போகும், கூடவே பாராட்டும் போகும். பாவம் டாரெல்.

"அவதான் ரொப்புனா," என்றான் கடைசியில். "சொல்லிக்குடுத்தது நானு."

ஊரே அவன் முதுகில் தட்டியது. தோற்றவனுக்கு இத்தனை மரியாதை அந்தக் கிளப்பில் அதுவரை நடந்ததில்லை. வண்டியில் வரும்போது மார்வா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவன்மேல் நிஜமாகவே ஆசையாக இருந்தது.

சொன்ன சொல் தவறாமல் மேசையைக் காலி செய்தான். துடைத்தும் கொடுத்தான். விருந்தன்று வெள்ளைத் துணி விரித்து, வான்கோழி வைத்து, மார்வா நாற்காலியில் ராணியாக உட்கார்ந்தாள். அம்மா கை கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைப் பக்கம் போனாள். டாரெல் பதறி எழுந்தான்.

"அத்தை, கதவை மெதுவா சாத்துங்க. வாஷ்பேசின்ல கை வெச்சிடாதீங்க, சமையக்கட்டுல கழுவிக்கலாம். அங்க ஷாக்கு நிக்குது."

மார்வா வான்கோழி வெட்ட எடுத்த கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"மேசைதானே கேட்ட?" என்றான்.