எட்டாவது ஸ்டேஜில் பதிமூன்று புள்ளிகள்

கொசப்பாளையத்தில் தெய்வநாயகி வீட்டு டிவிக்கு முன்னால் இரண்டே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்று வீட்டுக்காரி தெய்வநாயகிக்கு. இன்னொன்றில் யார் உட்காருவது என்பதில் பதினோரு வருஷமாகச் சந்தேகமே வந்ததில்லை. எதிர்வீட்டு ஸ்வர்ணலதாதான். சீரியல் பார்த்தாலும் அவள்தான், சீரியலை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தாலும் அவள்தான். இப்போது அந்த நாற்காலியில் குணசுந்தரி உட்கார்ந்திருக்கிறாள். போளூரிலிருந்து மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்து முழுசாக நாலு மாசம்கூட ஆகவில்லை. புருஷன் காலையில் வேலூர் பஸ் பிடித்தால் இருட்டின பிறகுதான் திரும்புவான். ஸ்வர்ணலதாவுக்குக் கட்டில் ஓரம் ஒதுக்கப்பட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் அணில். தெய்வநாயகி பத்து வயசுப் பெண்ணாக இருந்தபோது டிவியில் ‘வாலு டிங்கு’ என்று ஒரு கார்ட்டூன் வந்தது. தாயைத் தொலைத்த அணில்குஞ்சு மரத்துக்கு மரம் தாவித் தேடும். அதே கதையில் வீடியோ கேமும் வந்தது. அதைக் கேட்டு அழுதவளுக்குக் கிடைத்தது முதுகில் இரண்டு அறை. இருபத்தாறு வருஷம் கழித்து, பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி விக்னேஷ் எங்கேயோ பழைய செட்டைத் தேடிப் பிடித்து அனுப்பிவைத்தான். கேசட்டை ஊதிச் சொருகினால் கட்டம் கட்டமாக அணில் வந்து நிற்கும். தெய்வநாயகி கையைத் தட்டிக்கொண்டு குதித்ததைத் தெருவே பார்த்தது.

சிக்கல் என்னவென்றால், ஜாய்ஸ்டிக் இரண்டு. இரண்டு பேர் ஆளுக்கொரு அணிலைத் தாவவைக்க வேண்டும். ஒன்று பள்ளத்தில் விழுந்தால் இரண்டுமே அந்த ஸ்டேஜை முதலிலிருந்து ஓட வேண்டும். செட் வந்த அன்று ஸ்வர்ணலதா கண்ணமங்கலத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் குணசுந்தரி மூன்று ஸ்டேஜ் தாண்டியிருந்தாள். வளைகாப்பில் சாப்பிட்ட ஐந்து வகைச் சாதமும் வயிற்றிலேயே புளித்துப்போனது.

“குணாவுக்கு இன்னா கைடி! மெஷின் மாதிரி ஓடுது” என்றாள் தெய்வநாயகி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

குணாவாம்! பதினோரு வருஷத்தில் ஸ்வர்ணலதாவின் பெயரை அவள் ஒருநாளும் செல்லமாகச் சுருக்கியதில்லை.

அதன்பிறகு தினமும் மத்தியானம் இரண்டரைக்கு ஆட்டம். ஸ்வர்ணலதா போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? போனாள். சும்மா உட்கார்ந்திருப்பது கேவலமாக இருக்கவே, கையில் கிராப் தாளும் எடுத்துப் போனாள். அவள் கணவர் வீரபாகு பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டாலும் கட்டம் போட்ட தாள்கள் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கட்டம் நிரப்பிப் பழகிய கைக்கு, அணில் ஓடும் கிளையும் பள்ளமும் வெறும் கட்டங்கள்தான். ஒவ்வொரு ஸ்டேஜையும் அப்படியே தாளில் இறக்கினாள். குணசுந்தரி விழுகிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். புள்ளி பெருகினால் அந்த மெஷின் கைமேல் நம்பிக்கை போகும், நாற்காலி காலியாகும் என்பது கணக்கு.

ஏழு ஸ்டேஜுக்கும் சேர்த்து நாலே நாலு புள்ளி விழுந்தது. எட்டாவதுதான் கடைசி. ஒரு கிணற்றைத் தாண்டினால் கதவு, கதவுக்குப் பின்னால் தாய் அணில். அங்கே போய்ச் சேரவே சாயங்காலம் ஆகிவிடும், விழுந்தால் இனி மறுநாள்தான். அந்தக் கிணற்றில் குணசுந்தரியின் அணில் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. அதற்கு மறுநாளும்.

“ஐயோ, போச்சேக்கா! பேஜாரு புடிச்ச கெணறு!”

“வுடு குணா, நாளிக்கி பாத்துக்கலாம்” என்று தெய்வநாயகி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

விழுந்ததற்குத் தடவல்! விழவே விழாத ஸ்வர்ணலதாவின் முதுகைத் தொட ஆளில்லை.

ஒருநாள் காலையில் தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த வீரபாகு எட்டாவது ஸ்டேஜ் தாளை எடுத்துப் பார்த்தார்.

“எந்தப் பொடவைக்கு இது?”

“பொடவ இல்லீங்க. அந்த மாடிக்காரி அணில் வுழுந்த எடம்.”

“பதிமூணு புள்ளியும் ஒரே கட்டத்துலயா?” வீரபாகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “ஒரு வாட்டி தப்பிப் போனா அது தப்பு. அதே கட்டத்துல மறுபடி மறுபடி வந்துகினே இருந்தா அது தப்பு இல்ல, புட்டா, பொடவைல போடற பூ. யாரோ வேணும்னே போட்டுகினு இருக்காங்க.”

ஸ்வர்ணலதாவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அன்றைக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்குவதற்குள் தெருவைத் தாண்டிவிட்டாள். டிவியை மறைத்துக்கொண்டு நின்று தாளை விரித்தாள்.

“பாருடி நாயகி. உன் குணா தெரியாம வுழல, வேணும்னே வுழறா. பதிமூணு வாட்டி, ஒரே எடத்துல!”

தெய்வநாயகி தாளைப் பார்த்தாள். குணசுந்தரியைப் பார்த்தாள். “இன்னா குணா இது?”

குணசுந்தரி ஜாய்ஸ்டிக்கின் ஒயரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

“கேம் முடிஞ்சிட்டா அப்பறம் எதுக்குக்கா என்னைக் கூப்புடுவீங்க? மாடில செவுத்தப் பாத்துகினு உக்காந்திருப்பேன். இந்த ஊர்ல எனக்கு வேற யாரத் தெரியும்?”

இனி வெடிக்கும் என்று ஸ்வர்ணலதா காத்திருந்தாள். இருபத்தாறு வருஷ ஆசை, கதவுக்கு அந்தப் பக்கம் தாய் அணில், பதிமூன்று நாள் ஏமாற்று வேலை. வெடிக்காமல் எங்கே போகும்?

தெய்வநாயகியின் கண் கலங்கியிருந்தது.

“எனக்காகவாடி பதிமூணு வாட்டி செத்த?”

கட்டின புருஷன் தெய்வநாயகிக்காக ஒரு வாய் டீயைக்கூட விட்டுக்கொடுத்தவன் இல்லை. அது தெருவுக்கே தெரிந்த சங்கதி. அவளுக்காக ஒருத்தி கிணற்றில் விழுந்திருக்கிறாள் என்றால் சும்மாவா?

“நான் கண்டுபுடிக்கலன்னா இன்னும் உன்ன ஏமாத்திகினுதான் இருப்பா” என்று ஸ்வர்ணலதா குரலை உயர்த்தினாள்.

“நீ சும்மா இருடி. பதிமூணு நாளா இதையா எண்ணிகினு இருந்த? உனக்கு வேற வேலையே இல்லியா?”

குணசுந்தரி எழுந்தாள். “நீங்க இங்க உக்காருங்கக்கா. நான் அப்படி இருந்துக்கறேன்” என்று ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் நீட்டினாள். நல்ல பெயர் வாங்குவதிலும் மெஷின் கைதான்.

ஸ்வர்ணலதா உட்கார்ந்தாள். நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது. எட்டு ஸ்டேஜின் ஒவ்வொரு கட்டமும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் தாவுவதற்கு எதை அமுக்க வேண்டும் என்று தெரியாது.

“எந்த பட்டன்டி?”

தெய்வநாயகி நாற்காலியோடு பின்பக்கம் திரும்பி, கட்டில் ஓரத்தில் இருந்தவளின் முழங்காலில் கை வைத்திருந்தாள். “மூஞ்சி வாடிக் கெடக்குது, சாப்டியா நீ? ரசம் இருக்குது, ஜல்தியா சுட வெச்சுத் தரேன்.”

ஸ்வர்ணலதா எல்லா பட்டனையும் சேர்த்து அமுக்கினாள். அணில் நாலடி ஓடி முதல் பள்ளத்திலேயே விழுந்தது. டிவி ‘டொய்ங்’ என்றது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.