பீப்பாய் மேல் உட்கார்ந்தவர்

எள்ளுத்தாத்தா கொர்னீலியஸ் மெகார்வி ஒரு வீரர் என்பதில் டெல்ஃபினுக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம் வந்ததில்லை. ஃபிலடெல்ஃபியாவில் சம்பளம் வாங்காமல் தீயணைத்த பெலிக்கன் கம்பெனியின் ஆள். 1852இல் ஒரு தீவிபத்தில் செத்தவர். வருஷாந்திர நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் வான்கோழியை அறுக்கும்போதெல்லாம் அப்பா இதைச் சொல்லுவார். தாத்தா காப்பாற்றிய குழந்தைகள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போய், கடைசியில் ஒரு பள்ளிக்கூடமே தேறியது.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டெல்ஃபினுக்கு இப்போது ஒரே ஆசை. நகரத்தில் எழும்பும் தீயணைப்பாளர் நினைவுச் சுவரில் அந்தப் பெயர் வரவேண்டும். கல்லறையில் ஒரு கல்கூட இல்லாத மனிதருக்குப் பித்தளையில் ஒரு வரி. அவ்வளவுதான்.

நினைவுச் சுவர்க் குழுவின் தலைவர் வெண்டல் ஹோல்காம்ப் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பத் தட்டிக் கழித்தார்.

"தீயில இறந்ததுக்கு ஆதாரம் வேணும் மேடம்."

"கால்டன்பாக் மெத்தைக் கடை எரிஞ்ச இடத்துல இறந்தார்னு சர்ச்சுலயே எழுதி வெச்சிருக்காங்களே?"

"இடத்துலன்னா? ஏணியிலயா, மாடியிலயா? வேடிக்கை பாக்க வந்தவன்கூட அந்த இடத்துலதான் இருப்பான்."

ஹோல்காம்பின் சொந்த மூதாதைக்கு இந்தத் தொல்லை ஏதும் இருக்கவில்லை. இன்னொரு தீயணைப்புக் கம்பெனியான கார்டினலின் கேப்டன் எஸ்ரா ஹோல்காம்ப் முதுமையில், வயிறு முட்ட வறுத்த சிப்பி தின்றுவிட்டுப் படுக்கையில் செத்தவர். அவருக்காகவே சுவரின் உச்சியில் 'முன்னோடி' என்று தனி வரிசை ஒன்று முளைத்திருந்தது. ஆட்களை அதட்ட அவர் வாயில் வைத்துக் கத்திய பித்தளைக் குழல், தலைவரின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. 'எரிந்து விழுந்த உத்தரத்தைத் தாங்கியபோது நசுங்கியது' என்று கீழே ஒரு அட்டை. அந்தப் பெட்டியருகில் ஹோல்காம்ப் சர்ச்சில் பேசுவது போலத் தணிந்த குரலில்தான் பேசுவார்.

ஆதாரம் தேடி டெல்ஃபின் ஏறாத ஆவணக் காப்பகம் இல்லை. எங்கே போனாலும் கொர்னீலியஸ்களுக்குப் பஞ்சமில்லை. இவளுடையவர் மட்டும் அகப்படவில்லை.

"செத்தவரை விடுக்கா," என்றான் தம்பி ரஸ். "உசுரோட இருக்கிற என்னை வந்து பாத்து எத்தனை நாளாச்சு?"

கடைசியில் எரிந்த கடையையே தேடிப் போனாள். அதே குடும்பம் வேறு தெருவில் இன்னும் மெத்தை விற்றுக்கொண்டிருந்தது. கிழவர் ஓட்டோ கால்டன்பாக், மெகார்வி என்ற பெயரைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெகார்வியா? பெலிக்கன் மெகார்வியா? உக்காருங்கம்மா. வேணாம், நில்லுங்க. உங்க குடும்பம் உக்காந்தது போதும்."

கல்லாவுக்குப் பின்னால், பழுப்பேறிய பத்திரிகைப் பக்கம் ஒன்று சட்டமிட்டுத் தொங்கியது. அதைப் பார்க்காமலே அவர் சொன்னார்.

"தீயணைக்கத் தண்ணி எடுக்கிற தெருக் குழாயை எந்தக் கம்பெனி முதல்ல பிடிக்குதோ, அதுக்குத்தான் அன்னிக்குப் பெருமை. அதனால வேகமா ஓடுறவன் ஒருத்தன் பீப்பாயோட முன்னாடி ஓடி வந்து, குழாய் மேல கவுத்துப்போட்டு உக்காந்துக்குவான். தன் கம்பெனி வண்டி வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டான். அப்படி உக்காந்தவர்தான் உங்க தாத்தா. முதல்ல வந்தது கார்டினல் வண்டி. எந்திரிடான்னார் கேப்டன் ஹோல்காம்ப். இவர் எந்திரிக்கல. கையில இருந்த குழலாலயே மண்டையில ஒரு போடு. அதோட முடிஞ்சது."

"தீ?"

"அதை யாரும்மா பாத்தா? பெலிக்கன் வண்டியும் வந்து, ரெண்டு கூட்டமும் கட்டிப் புரண்டுச்சு. எங்க கடை நிம்மதியா எரிஞ்சு முடிஞ்சது. ஒரு சொட்டுத் தண்ணி விழல."

"கேப்டனுக்கு?"

"விடுதலை. ஜூரியில பாதிப் பேர் கார்டினல் ஆளுங்க."

டெல்ஃபினுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கால்டன்பாக் சட்டத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "காட்டிட்டுத் திருப்பிக் கொடுங்க. எங்க கடை எரிஞ்சதையும் ஒரு வரி போடச் சொல்லுங்க. இத்தனை தலைமுறையா நாங்க மட்டுந்தான் அதைப் பேசிட்டிருக்கோம்."

ஹோல்காம்ப் பத்திரிகைப் பக்கத்தைப் படித்தார். அவர் கண் தன்னையறியாமல் குழலின் நசுங்கல் பக்கம் போய்த் திரும்பியது.

"இது கொலை மேடம். தீயில இறந்ததா ஆகாது. விதி இடம் கொடுக்காது."

"சரி. உங்க குழலுக்குப் பக்கத்துலயே இதை மாட்டிடுவோம். வர்றவங்க படிக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் விதி இடம் கொடுத்தது.

"ஆனா இந்த ஃப்ரேம் வெளிய வரக்கூடாது," என்றார், சர்ச்சுக் குரலில்.

"கடைக்கும் ஒரு வரி கேட்டாங்க."

"பித்தளையில ஒருத்தருக்குத்தான் இடமிருக்கு. உங்க தாத்தாவா, மெத்தையா? நீங்களே சொல்லுங்க."

டெல்ஃபின் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு, "தாத்தா" என்றாள்.

திறப்பு விழாவில் பேண்டு வாசித்தது, மேயர் அலுவலகத்திலிருந்து மாலை வந்தது. திரை விலகியபோது ரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். 'கொர்னீலியஸ் மெகார்வி. தீயோடு போராடி உயிர் நீத்தார்.'

கூட்டத்திலிருந்து கால்டன்பாக் வந்து சுவரை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எங்க கடை?"

"இடமில்லன்னுட்டாங்க…"

"அப்ப எந்தத் தீயோட போராடினாராம்?"

அவள் வாய் திறப்பதற்குள் போட்டோகிராபர் கூப்பிட்டார். "மேடம், தலைவர் பக்கத்துல இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க!" ஹோல்காம்பின் கை அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. தட்டிவிட நினைத்தாள், எதிரே ரஸ் பூரித்துப்போய் நின்றிருந்தான்.

"என் ஃப்ரேமையாவது எப்பத் தருவீங்க?" என்றார் கால்டன்பாக்.

"நாளைக்கு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. போட்டோவில் அது சிரிப்பாக விழுந்தது.