உரக்குவியலுக்குள் போன டேலியா

உறைபனியில் டேலியா பூச்செடியின் இலைகள் கருகிய பிறகும் கிழங்கை இரண்டு வாரம் மண்ணிலேயே விட வேண்டும். அப்போதுதான் தோல் தடித்து, தோண்டி எடுத்துக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் வைத்தாலும் கெடாது. எங்கள் தெருவுக்கே இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். பக்கத்து வீட்டு ஏகில் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன்.

ஆறு வருடம் மெனக்கெட்டு, விதையிலிருந்து நானே ஒரு டேலியாவை உண்டாக்கியிருந்தேன். செம்பு நிறம், ஓரத்தில் வெள்ளை. உலகத்திலேயே அதற்கு ஒரே ஒரு கிழங்குக் கொத்துதான். அடையாளத்துக்கு அடித்தண்டில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தேன். அந்த அக்டோபரில் பார்த்துத்தானா இடுப்பு மூட்டை மாற்ற மருத்துவமனையில் கூப்பிட வேண்டும்?

அறுவை முடிந்த மறுநாள் என் மனைவி இங்கெலா போன் செய்தாள். தோட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள், எனக்காக எல்லாவற்றையும் குளிர்காலத்துக்குத் தயார் செய்துவிட்டாளாம். குழாயில் தண்ணீரை வடித்து, புல்லைக் கடைசி முறையாக வெட்டி, ரோஜாவுக்கு மண் அணைத்தாயிற்றாம்.

"கறுத்துப்போன செடியெல்லாம் செத்துப்போச்சுல்ல, வேரோட பிடுங்கி உரக்குவியல்ல போட்டுட்டேன். மேல புல்லையும் இலையையும் கொட்டி மூடியாச்சு."

நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். அன்றே குளிர் மைனஸ் ஒன்பதுக்கு இறங்கி, மூன்று நாள் அங்கேயே நின்றது. குளிர் உள்ளே இறங்காமல் மண்ணைப் போர்த்தப் பனிகூட விழவில்லை. உறைந்த கிழங்கு பிழைக்காது.

வீடு வந்ததும் ஊன்றுகோலோடு நேராகக் குவியலுக்குப் போனேன். இங்கெலா பின்னாலேயே வந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கல்லாக உறைந்திருந்த மேல் இலைகளை அவளே விலக்கினாள். புல் மக்கும் சூட்டில் உள்ளிருந்து ஆவி வந்தது. துழாவி, சிவப்பு நூல் கட்டிய கொத்தை எடுத்து நீட்டினாள். கெட்டியாக, வெதுவெதுப்பாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அழுதுவிட்டேன்.

வேலிக்கு அப்பால் ஏகில் கடப்பாரையோடு நின்றான்.

"நீ சொன்னபடிதான் மண்ணுலயே விட்டேன், டோர்கெல். இன்னைக்குத் தோண்டினா அத்தனையும் கூழு."

இங்கெலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ நீ வீட்ல இருந்திருந்தா?"

"இதுவும் கூழுதான்" என்றேன்.

வசந்தத்தில் கொத்தைப் பிரித்து நடும்போது முதல் துண்டு ஏகிலுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவன் முகம் தெளிந்தது. அடுத்த வருடம் அதை எப்போது தோண்ட வேண்டும் என்று கேட்டான்.

"இங்கெலாவைக் கேளு."