ஆறடி முளை

“மண்ணுக்குத்தான் வாய் இல்ல. உங்களுக்குமா இல்ல?”

துணி துவைக்கிற கல் மண்ணோடு சரிந்து வீட்டோரப் பள்ளத்தில் உருண்டுபோன அன்று மனைவி கேட்டது அது. “அடுத்த தடவை பெரிய அதிகாரி வரும்போது சுவர் கட்டித் தரச்சொல்லிக் கேக்கறேன்” என்றார் அளவுகாரர்.

“கோழிக்கூண்டு போனப்பவும் இதையேதான் சொன்னீங்க. ஊரையெல்லாம் அளக்கறீங்க, சொந்த வாசல் சுருங்கறது மட்டும் கண்ணுல படல!” சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

இப்போது அவர் மண் பாதுகாப்பு அலுவலகத்தில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். கூட்டத்தில் நாற்காலி கிடையாது. மேசையின் அந்தப் பக்கம் நிதி ஒதுக்கும் அதிகாரி. இந்தப் பக்கம் மேற்பார்வையாளர், கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“நாப்பது குடும்பம் சார் அந்தச் சரிவுல. தடுப்புச் சுவர் கட்டி, மேல மரம் வச்சாத்தான் மண்ணு நிக்கும். அரசாங்கம் மனசு வைக்கணும்.”

அதிகாரி அளவுப் புத்தகத்தைப் புரட்டினார். “உங்க புத்தகமே நிக்குதுன்னுதானே சொல்லுது? அடிச்சு வச்ச முளைக்குச்சிக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவுல ஆறடி. ஏழு வருஷமா ஆறடி. ஒரு அங்குலம் குறையல. இரும்பு மண்ணா அது?”

யாரோ சிரித்தார்கள்.

ஒவ்வொரு மழைக்கும் கரை சரியும். முளையும் சேர்ந்து போகும். புது விளிம்பிலிருந்து ஆறடி உள்ளே தள்ளி வேறொரு முளை அடிப்பார். “முளை எப்பவும் ஆறடியில இருக்கணும், அதான் ரூல்” என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தவர் மேற்பார்வையாளர். படிவத்தில் தூரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. முளை இடம் மாறியதை எழுதக் கட்டம் இல்லை. எழுதவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர், மேற்பார்வையாளர் இரண்டு பேருடைய கையெழுத்தும் இருந்தது.

“இந்தச் சரிவைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம்” என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மேற்பார்வையாளர் திரும்பி அளவுகாரரைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. திறந்தால் நாளைக்கு இந்தப் படி ஏற முடியாது என்பது அளவுகாரருக்கும் தெரியும். வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் இது.

“சார்.”

“யாருய்யா நீ?”

“அளக்கறவன் சார். அது ஒரே முளை இல்ல. ஒம்பது முளை. எட்டு பள்ளத்துக்குள்ள கெடக்கு. நான்தான் பின்னால தள்ளித் தள்ளி நட்டேன்.”

“ஏய், உளறாதே!” மேற்பார்வையாளர் எழுந்துவிட்டார்.

“ஒம்பதாவது எங்க சமையக்கட்டுச் சுவத்தை ஒட்டி நிக்குது சார். அடுத்ததை அடுப்புகிட்டதான் அடிக்கணும்.” சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். “என்னை வேணா அனுப்பிடுங்க. அந்த மண்ணுக்குப் பணம் ஒதுக்குங்க சார். சுவரைக் கட்டிக் குடுங்க.”