மூடிக் கட்டிய பூ

குழாயடியில் தேநீர்க் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தவளின் கை சட்டென்று நின்றது. காற்று திரும்பியிருந்தது. அதில் மருந்து வாடை.

வேலியைத் தாண்டி எப்போதாவது இலேசாக வந்து போகிற வாடை இல்லை இது. தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிற வாடை. குவளையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

கூடத்தில், காய் பிரிக்கிற நீள மேசையில், அவள் கணவரின் உடல் கிடந்தது. வீட்டில் இருந்த ஒரே கட்டில் கூடத்துக் கதவில் நுழையவில்லை. நேற்று மத்தியானம் ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டு நின்றபோது அவள் பேசாமல் மேசையைக் காட்டினாள். வாரா வாரம் நாற்பது வீட்டுக் கூடைகளுக்கு அவர் காய் பிரித்துப் போட்ட மேசை. வெள்ளைத் துணி விரித்தும் ஓரத்தில் கீரைக் கறை தெரிந்தது. தலைமாட்டு நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். அவளை எழுப்பாமல் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு இறங்கினாள்.

இன்னும் வெயில் ஏறவில்லை. காலிஃபிளவர் பாத்திகளில் இலையெல்லாம் நனைந்து நின்றது. பனி என்று நினைக்க ஆசைப்பட்டாள். குனிந்து பார்த்தாள். மண்ணை மூடியிருந்த சருகின் மேல் பச்சைப் புழுக்கள் சுருண்டு சுருண்டு கிடந்தன. நிறைய. ஒன்றிரண்டு இன்னும் உடம்பை நெளித்துக்கொண்டிருந்தன. பாத்தி நெடுகிலும் பெரிய ரப்பர் பூட்ஸின் தடம்.

பதினெட்டு வருஷமாக இந்த மண்ணில் ஒரு சொட்டுப் பூச்சிமருந்து விழுந்ததில்லை. விழக் கூடாது என்றுதான் பக்கத்துத் தோட்டத்துக்கும் இதற்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் உயிர்வேலி வளர்த்தார் அவர். விடிந்ததும் பால்மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் புழு பொறுக்குவார். பூவுக்கு வெயில் படாமல் இலைகளை மேலே மடக்கி நாரால் கட்டுவது இவள் வேலை. புழு பொறுக்குவது அவர் வேலை. பேசுவதும் அவர் வேலை.

"என்னம்மா, அதுக்குள்ள இங்க வந்துட்டியா?"

வேலி இடுக்கில் நுழைந்து பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தார். இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகள். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. எந்தச் செடிக்கு என்ன வந்தாலும் ஒரு மருந்து பெயர் சொல்வார் என்பதால் இவள் கணவர் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார். அது ஊர் முழுக்கப் பரவி, அவர் வீட்டு அம்மாவே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"அண்ணே, இது..." என்று பாத்தியைக் காட்டினாள்.

"நான்தான்." அவர் குரலில் ஒரு கூச்சமான பெருமை இருந்தது. "நேத்து அவரை வண்டியிலேர்ந்து இறக்கினப்பவே பாத்தேன். இலைக்கு இலை புழு. மூணு நாளா யாரும் தொடலை போல."

"மூணு நாளா அவருக்கு முடியலைண்ணே."

"அதான் தெரியுமே. நீ என்ன பண்ணுவ, அவரைப் பாப்பியா, புழுவைப் பாப்பியா? ராத்திரி பூரா தூக்கமே வரலை. எனக்கு வேற என்னம்மா தெரியும்? ஒரு பாட்டு பாடத் தெரியுமா, நாலு வார்த்தை பேசத் தெரியுமா? இருட்டு பிரியறதுக்கு முன்னாடி டேங்க்கைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை அறுவடைக்குப் பிள்ளைங்க வரும்ல, அதுக்குள்ள வாடை போயிடும். யாருக்கும் தெரியாது. அந்த மனுஷன் பயிர் ஓட்டை ஓட்டையா நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் அவர் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் இன்னும் வெள்ளையாக இருந்தது.

நேற்று அந்தக் கைதான் கணவரை அலாக்காகத் தூக்கி வேனில் ஏற்றியது. உரமூட்டைகளுக்கு நடுவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இவள் உட்கார்ந்தாள். மூச்சு வாங்க வாங்க, "யோவ் டாக்டர்... கடைசியில உன் மருந்து வண்டியிலயா என்னை ஏத்துற?" என்று சிரிக்கப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் டாக்டர் இறங்கவேயில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"சரிண்ணே," என்றாள். "நாற்காலியை முன்பக்கம் போடுங்க."

அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கிறது. புழு அதிகம், இந்த வருஷம் அறுவடை நாள் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். துக்க வீடு, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் பிடுங்கிக் குழியில் போட்டு மூடிவிடலாம். டாக்டருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. மண்ணுக்குத் தெரியும். அதை அவள் பார்த்துக்கொள்வாள்.

எட்டு மணிக்கெல்லாம் கூடைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். வாரக் கூடை வாங்குகிற வீட்டுக்காரர்களை அவர் அப்படித்தான் சொல்வார். வந்த ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்று இருந்தது. விதைப்பு நாளில் வழுக்கிச் சேற்றில் விழுந்து, "மொதல் விதை நான்தான்" என்றது. நாற்று நடுகிற நாளில் மழை வந்து எல்லோரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அவர் விட்ட கதையைக் கேட்டது. மேசையைச் சுற்றி நின்று சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். அந்த நாள்களில் எல்லாம் இவளும் இருந்தாள். அடுப்படியில், நாற்றங்காலில், குழாயடியில். யார் கதையிலும் இவள் வரவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. இன்றைக்குத்தான், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தது.

நகரத்திலிருந்து வந்திருந்த நாத்தனாரின் கணவர், எல்லோரும் டாக்டர் டாக்டர் என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரிடமே போய்க் கேட்டார். "கடைசியா நீங்கதான் பாத்தீங்களாமே டாக்டர்? இதயமா, நுரையீரலா?"

"ஐயையோ, நான் செடி டாக்டருங்க," என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் டாக்டர், "எனக்கு வைத்தியம் பாக்க வராதுங்க. அதுதான் குறை," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு எடுத்தார்கள். இடுகாடு சாலை முனையில்தான். குழியில் மண் விழுகிற சத்தத்தைக் கேட்டு, நல்ல மண், உதிரியான மண் என்று அவள் மனம் தன்பாட்டுக்குச் சொன்னது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் பாட்டு டீச்சர் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். கூடைக்காரர்களில் அவர்தான் மூத்தவர், அவர் சொன்னால் மற்றவர்கள் தட்ட மாட்டார்கள்.

"எல்லாரும் வந்திருக்கோம். ஞாயித்துக்கிழமை மறுபடி இத்தனை பேர் சேர மாட்டோம். அவருக்காக அறுவடையை இன்னைக்கே வெச்சுக்கலாம். என்ன சொல்றீங்க?"

எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள். அவள் நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

"ஏன் அண்ணி? அண்ணன் இருந்தா இதைத்தானே ஆசைப்படுவார்?"

"புழு இருக்கு."

"புழு என்னைக்கு அண்ணி இல்லாம இருந்துச்சு? நீங்க போய்ப் படுங்க. ரெண்டு நாளா கண்ணு மூடலை நீங்க. நாங்க பாத்துக்கறோம்."

டீச்சரிடம் போனாள். டீச்சர் அவள் பேசுவதற்கு முன்பே கட்டிக்கொண்டு, "நீங்க எதுவும் பேச வேண்டாம்க்கா. எங்களுக்குப் புரியுது," என்றார். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுக் கூடையோடு இறங்கிவிட்டார். டாக்டரைத் தேடினாள். அவர் சாலையில் யாரோடோ நாற்காலிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

முன் பாத்திகளில் பூ பெருத்து, கட்டிய நாரை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவர்கள் பாத்தியைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் பூவை அவர்தான் வெட்டுவார். ஒரு சிறு துண்டை ஒடித்து, இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்து, "கழுவாதே, அப்படியே கடி!" என்பார். பிள்ளை கடித்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள். இப்போது டீச்சர் வெட்டினார். டீச்சரின் பேத்திதான் இருப்பதில் சின்னவள்.

"தாத்தா என்ன சொல்வாரு, சொல்லு பாப்போம்?"

"கழுவாதே, கடி!" என்று கத்திக்கொண்டே பிள்ளை வாயைத் திறந்தது.

அவள் அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். பூத்துண்டு சருகில் போய் விழுந்தது. பிள்ளை ஒரு நொடி மலங்க மலங்க விழித்துவிட்டு, ஓவென்று அழுதது.

"என்னக்கா இது!"

"மருந்து அடிச்சிருக்கு," என்றாள். மூச்சு இரைத்தது. "யாரும் தொடாதீங்க. தொட்டவங்க சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்க. பிள்ளை கையையும் கழுவி விடுங்க."

ஒருவர் குனிந்து இலையை முகர்ந்தார். இன்னொருவர் சருகிலிருந்து ஒரு செத்த புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இங்கயா?" டீச்சரின் குரல் மெலிந்துபோயிருந்தது. "அவரோட தோட்டத்துலயா? யாரு அடிச்சது?"

வட்டத்துக்கு வெளியே, சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு நாற்காலி அப்படியே இருந்தது. பிள்ளையையும் சருகில் கிடந்த பூத்துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு பிரிந்தது.

"நான்..."

"நான்தான் அடிச்சேன்," என்றாள் அவள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"என்னால பொறுக்க முடியலை. அவர் படுத்துட்டார். புழு தாங்கலை. அடிச்சேன்." பிறகு டாக்டரை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க நாற்காலியை ஏத்துங்கண்ணே. வாடகைக்காரன் காத்துக்கிட்டு இருப்பான்."

டாக்டரின் வாய் திறந்தபடியே இருந்தது. அவள் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் மண்ணுக்குள்ள போயி ஒரு மணி நேரம் ஆகலை," என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல். பேத்தியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். வையக் கூட இல்லை. வைதிருந்தால் தேவலை என்று இருந்தது. குழாயடியில் ஒருவர் பின் ஒருவராகச் சோப்பு போட்டுக் கை கழுவினார்கள். வெறும் கூடைகளோடு வாசலைத் தாண்டினார்கள். காலையில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதவர்களில் ஒருவரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

நாத்தனார் பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "எங்க வீட்டுக்கு வந்து பத்து நாள் இருங்கன்னு கூப்பிடத்தான் வந்தேன் அண்ணி." பையைக் கைமாற்றிக்கொண்டாள். "அண்ணனுக்காகப் பிடிச்ச மாதிரி இருந்தீங்களா இத்தனை வருஷம்? உங்களுக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லையா?"

அவள் நாத்தனாரின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?"

சாயங்காலம் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. காய் பிரிக்கிற மேசையைத் தனியாளாக இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். துணியை அலசிக் காயப்போட்டாள். வேறு வேலை இல்லை. பால்மாவு டப்பா வழக்கமான ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எதற்கு எடுத்தோம் என்று பாதி வழியில்தான் தோன்றியது.

வேலியோரத்துக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"தங்கச்சி."

அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

இலைகளுக்கு இடையில் அவருடைய சட்டை மட்டும் துண்டு துண்டாகத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வேலி வழியாக அவருடன் பேசியது கணவர்தான். புழுவுக்குச் சோறு போடுகிறவனே என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். விஷ வைத்தியரே என்று இந்தப் பக்கமிருந்து போகும். இவள் கேட்டுக்கொண்டே இலையைக் கட்டுவாள்.

"டீ குடிச்சியா?" என்றார் கடைசியில்.

"குடிச்சேன்ண்ணே. நீங்க?"

"ம்."

இருவரும் குடித்திருக்கவில்லை. அவர் போகிற காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது கேட்கவில்லை.

கடைசி வரிசையில் பூ இன்னும் சின்னது. அவர் படுக்கையில் விழுவதற்கு முந்தின நாள் இவள் மூடிக் கட்டியவை, கட்டு அப்படியே இருந்தது. ஒன்றின் நாரை அவிழ்த்தாள். மேல் இலையில் மருந்து காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. உள் இலை மருந்து படாமல் சுத்தமாக இருந்தது. நடுவில் முட்டையளவு வெள்ளைப் பூ. அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் புழு, வெளிச்சம் பட்டதும் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டியது.

டப்பாவின் மூடியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மூடினாள். பிறகு இலைகளை ஒவ்வொன்றாக மேலே மடக்கி, காற்றுப் போக ஓர் இடுக்கு மட்டும் விட்டு, நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.